மாரியில் காட்டுக்குளத்துக்குத் தனியாகப் போகலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை வாசிக்காதவர்களுக்காக முதலில் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கல்கரியில் பிறந்து வளர்ந்தவர். ஸ்னோ கொட்டுகிற நாளிலும், கால் புதையாமல் இருக்கச் சப்பாத்தின் அடியில் மாட்டுகிற அகலத் தட்டான ஸ்னோஷூவை மாட்டிக்கொண்டு மலை ஏரிகளுக்குத் தனியாக நடந்து பழகியவர். வருகிற டிசம்பரில் இரண்டு கிழமை முல்லைத்தீவு ஒட்டுசுட்டானில் நிற்கப் போகிறீர்கள். அப்பப்பா வயல் செய்த சின்னக் குளம் ஒன்று முத்தையன்கட்டுக் குளத்துக்கு அப்பால் காட்டுக்குள் கிடக்கிறது. அதைத் தனியாக நடந்துபோய்ப் பார்க்க வேண்டும், "மழை எனக்கு ஒரு பிரச்சினையே இல்லை", என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். மாரியிலும் போகலாம். ஆனால் அங்கே பழகியதில் பாதி இங்கே கைகொடுக்கும், மற்றப் பாதி உங்களைக் கொண்டுபோய் மாட்டிவிடும். எது எந்தப் பாதி என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

நான் இந்தப் பக்கத்தில் பிறந்தவன். இடையில் பதினொரு வருடம் கல்கரியில் ஒரு குளிர்களஞ்சியத்தில் வேலை. வெளியே மைனஸ் இருபது, உள்ளேயும் மைனஸ் இருபது. சம்பளம் மட்டும் உள்ளே நிற்பதற்கு. ஓய்வு நாட்களில், உங்களைப் போலவே, மலைக்கு ஓடிவிடுவேன். இப்போது முத்தையன்கட்டு இடதுகரையில் வயல். ஆகவே இரண்டு பக்கத்திலும் சறுக்கி விழுந்த அனுபவம் உண்டு.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கல்கரிக்குப் பக்கத்து மலைப்பகுதியான கனனாஸ்கிஸில் செஸ்டர் ஏரி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பெப்ரவரி, தனியாகப் போனேன். காலையில் இருந்தே ஸ்னோ. மரங்களுக்குள் ஏறும்வரை ஒன்றும் தெரியவில்லை. மரம் முடிந்து வெளி தொடங்கிய இடத்தில் வானமும் நிலமும் ஒரே வெள்ளைத் துணியாகிவிட்டது. முன்னால் ஒரு அடிகூட இல்லை. ஸ்னோஷூ இல்லாமல் காலை வைத்துப் பார்த்தேன், தொடைவரை இறங்கியது. மாட்டிக்கொண்டால் கெண்டைக்காலோடு நின்றது. அப்படி ஒரு சந்தோஷம்! உலகம் உண்டான பிறகு அந்த இடத்தில் கால் வைத்த முதல் ஆள் நான்தான் என்கிற மாதிரி. ஒரு கால்மணி கழித்துத் திரும்பிப் பார்த்தேன். நடைக்கோல் குத்திய துவாரங்கள் ஏற்கெனவே மூடிவிட்டன. அடிகளும் கோப்பை மாதிரி ஆழமாக இருந்தவை தட்டு மாதிரி ஆகிக்கொண்டிருந்தன. ஒரு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது என்று வீட்டிலேயே முடிவெடுத்திருந்தேன். பன்னிரண்டே முக்கால். ஏரியைக் காணவில்லை. திரும்பிவிட்டேன். அடுத்த மாதம் வெயிலில் போனபோதுதான் தெரிந்தது, நான் திரும்பிய இடத்திலிருந்து ஏரி ஒரு கூப்பிடு தூரம்.

அந்த "ஒரு மணிக்குத் திரும்புவது" இங்கேயும் வேண்டும். அதை மறக்காமல் கொண்டுவாருங்கள், பாரமில்லை. ஆனால் அந்த முதல் அடிச் சந்தோஷத்தைக் கட்டுநாயக்கா விமானநிலையத்திலேயே இறக்கிவிட்டு வாருங்கள். வன்னிக் காட்டில் முதல் அடி உங்களுடையதாக இருக்கவே கூடாது. யாரோ, ஏதோ, நேற்றோ இன்றைக்கோ போன இடத்தில்தான் உங்கள் கால் பட வேண்டும். நான் சொல்லப்போகிற மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதல் காரணம் உங்களுக்கே தெரியும். மிதிவெடி. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. 2028 ஜூனுக்குள் எல்லாவற்றையும் அகற்றி முடிக்க வேண்டும் என்பது அதன்படி வந்த காலக்கெடு. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் என்ற கண்ணிவெடி அகற்றும் அமைப்புகளின் ஆட்கள் வருடக்கணக்காக அங்குலம் அங்குலமாகக் கிளறி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அதில் நிறையப் பேர் எங்கள் ஊர்ப் பெண்கள். வயல், வீதி, குடிமனை எல்லாம் முதலில் துப்புரவாயின. ஆள் போகாத காடு எப்போதும் பட்டியலின் கடைசியில். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ, சிவப்புத் தலை பூசிய தடிகளோ தெரிந்தால் வந்த அடியிலேயே திரும்ப வேண்டும் என்பதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். எனக்குப் பயம் பலகை இல்லாத இடத்தில்தான். காட்டுக்குள் போர்க்காலத்து மண் அணை, இடிந்த பதுங்குகுழி, துருப்பிடித்த முட்கம்பி கண்ணில் பட்டால் அதைப் படம் எடுக்கப் போக வேண்டாம். அணை இருந்த இடத்தில் அதைக் காத்த பொருளும் இருந்திருக்கும். மாரியில் இன்னொரு தொல்லை, வெள்ளம் மண்ணை அரித்து, ஒரு இடத்தில் கிடந்ததை வேறு இடத்தில் கொண்டுபோய்ப் போடும். போன வருடம் ஒன்றும் இல்லாத வாய்க்கால் கரையில் இந்த வருடம் ஒரு எறிகணை முனை நீட்டிக்கொண்டு நிற்கலாம்.

ஆகவே பாதை. கூகுள் வரைபடத்தில் நீங்கள் பார்த்த அந்தப் பச்சைக்குள் ஓடும் மெல்லிய கோடு பாதை அல்ல. அது அப்பப்பா காலத்து வண்டில் பாதையாக இருக்கலாம், இப்போது பற்றை மூடிக் கிடக்கும். உயிருள்ள பாதை எது என்று நிலத்தைப் பார்த்தால் தெரியும். சைக்கிள் ரயர் தடம், மாட்டுக் குளம்பு, விறகு வெட்டிய புது முறி, தேன் எடுக்கப் போனவன் எறிந்துவிட்டுப் போன வெற்றிலைக் காம்பு. பட்டிக்காரர் மாடு சாய்க்கிற பாதைதான் எல்லாவற்றிலும் நல்லது. நாளுக்கு இரண்டு தரம் நூறு மாடு மிதிக்கும். ஆனைப் பாதை அகலமாக, வெட்டிவிட்ட றோட்டு மாதிரி அழகாக இருக்கும், அதை நம்பாதீர்கள். மிதிவெடியில் கால் போன ஆனைகளும் இந்தக் காட்டில் உண்டு. அதோடு அது வேறொருவருடைய றோட்டு.

சரி, ஆனைக்கு வருவோம். டிசம்பரில் மாரி மழையை நம்பி விதைத்த காலபோக வயல் பச்சை பிடித்து நிற்கும். காட்டில் எங்கு பார்த்தாலும் தண்ணீர். வரட்சியில் குளத்தைச் சுற்றியே நிற்கிற ஆனைகள் மாரியில் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோடையில் சுள்ளி முறிகிற சத்தம் நூறு யாருக்குக் கேட்கும். மழையில் ஈர இலைமேல் நாலு தொன் உடம்பு பஞ்சில் நடக்கிற மாதிரி நடக்கும். உங்களுக்கு மழைச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

எனக்கு நடந்தது இது. மூன்று வருடத்துக்கு முன், மார்கழி, தூறல். தொலைந்த நாம்பன் மாடு ஒன்றைத் தேடி வண்டில் பாதையால் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வீரை மரத்தடியில் ஈரமான கறுத்தப் பாறை. பார்த்துவிட்டு நாலைந்து அடி நடந்தும் விட்டேன். பிறகுதான் உறைத்தது, இந்தப் பாதையால் நாற்பது வருடமாகப் போகிறேன், இங்கே எந்தப் பாறையும் இல்லையே. நின்றேன். பாறையின் ஓரம் ஒருதரம் மடிந்து விரிந்தது. காது. இடையில் பதினைந்து மீற்றர்கூட இல்லை. கத்தவில்லை, ஓடவில்லை. முதுகைக் காட்டாமல், வந்த அடியிலேயே ஒவ்வொரு காலாகப் பின்னுக்கு வைத்தேன். அவர் தன்பாட்டில் பட்டை உரித்துக்கொண்டிருந்தார். பாதை வளைந்து மறைந்த பிறகுதான் மூச்சு வந்தது. சாரம் நனைந்திருந்தது, மழையில்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. சேற்றில் ஆனை அடி தாச்சிச் சட்டி அகலத்துக்குப் பள்ளமாக இருக்கும். மாரியில் அதற்குள் தண்ணீர் நிற்கும், அந்தத் தண்ணீரைப் பாருங்கள். மண் அடியில் படிந்து தெளிந்திருந்தால், அதில் நுளம்புப் புழு நெளிந்தால், அது பழைய செய்தி. பால்தேத்தண்ணி மாதிரிக் கலங்கியிருந்து, விளிம்பு மண் இன்னும் பொட்டுப் பொட்டாக உள்ளே சரிந்துகொண்டிருந்தால் அவர் போய்க் கால்மணியும் ஆகவில்லை. அன்றைய நடை அவ்வளவுதான், திரும்புங்கள். செஸ்டர் ஏரியில் என் அடி மூடுவதைப் பார்த்துத்தானே நேரம் கணித்தேன், இதுவும் அதே கணக்கு. முன்னங்கால் அடியின் சுற்றளவை இரட்டிப்பாக்கினால் தோள் உயரம் ஏறக்குறைய வரும் என்பதும் உண்மைதான், ஆனால் அளந்துகொண்டு நிற்காதீர்கள்.

அப்புறம் காற்று. மாரியில் எங்களுக்கு வாடை, வடகிழக்கிலிருந்து. வாடையை முகத்தில் வாங்கிக்கொண்டு நடந்தால் உங்கள் மணம் பின்னால் போய்விடும், முன்னால் நிற்கும் ஆனைக்கு நீங்கள் வருவதே தெரியாது. படம் எடுக்கிறவர்களுக்கு அது வசதி. உங்களுக்கு வேண்டியது மற்றது. காற்று முதுகில் பட நடந்தால் உங்கள் மணம் முன்னால் போய்ச் சொல்லிவிடும், பெரும்பாலும் அதுவே விலகிப் போகும். கரடிக்கும் அப்படித்தான். கனடாக் கரடிக்குச் சத்தம் போட்டுக்கொண்டு நடந்து பழகியிருப்பீர்கள். எங்கள் கரடி அளவில் சின்னது, குணத்தில் பொல்லாதது. திடுக்கிட்டால் நேரே முகத்துக்குத்தான் பாயும். மழை இரைச்சலில் உங்கள் சத்தம் அதன் காதில் ஏறாது என்பதால் கொட்டுகிற மழையில் நடக்கவே வேண்டாம், ஓய்ந்த இடைவெளியில் நடவுங்கள்.

மலை என்று எங்களிடம் ஒன்றும் இல்லை. வன்னி நிலம் கைவிரித்த மாதிரித் தட்டை, ஆங்காங்கே ஒரு பாறை மேடு. ஆகவே முப்பது பாகை முதல் நாற்பத்தைந்து பாகைவரை சரிவு, ஸ்னோ சரிந்து மூடுவது என்று அங்கே படித்த கணக்குகள் இங்கே வேண்டாம். ஆனால் அந்தப் படிப்பில் ஒரு விசயம் எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும். புதைந்தவரைத் தேடும் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தனியாகப் போகிறவருக்கு அந்தக் கருவியால் ஒரு பயனும் இல்லை. பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும், ஆள் இல்லாவிட்டால் அது பிரேதத்தைக் கண்டுபிடிக்கத்தான் உதவும். இங்கே கைத்தொலைபேசியும் அப்படி. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், நல்ல சேவை. ஆனால் சிக்னல் உங்களோடு காட்டுக்குள் வராது. குளக்கட்டில் இரண்டு கோடு, கட்டு இறங்கினால் ஒன்று, அதற்கு அப்பால் படம் எடுக்கத்தான் போன்.

தண்ணீரில்தான் வெளியூர் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். எங்கள் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். 2018 டிசம்பரில் ஒரே இரவு மழைக்குப் பிறகு இரணைமடுவின் வான்கதவுகளைத் திறக்க வேண்டிவந்தது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றன. காட்டுக்குளங்களுக்குக் கதவு இல்லை, நிரம்பினால் மிஞ்சிய தண்ணீர் வான் என்கிற வழிவாயால் பாயும், அவ்வளவுதான். நீங்கள் போகும் வழியில் வாய்க்காலோ அருவியோ இரண்டு மூன்றைக் கடக்க வேண்டியிருக்கும். காலையில் கணுக்கால் அளவு, சிரித்துக்கொண்டு கடப்பீர்கள். மேலே எங்கோ பெய்த மழை மூன்று நாலு மணித்தியாலம் கழித்துத்தான் அந்த இடத்துக்கு வரும். உங்கள் தலைக்கு மேலே வெயில் எறிக்கும், வாய்க்கால் இடுப்பளவு ஓடும். கடந்ததும் தண்ணீர் விளிம்பில் ஒரு தடியைக் குத்திவிடுங்கள். அரைமணி அந்தப் பக்கம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து பாருங்கள். தடி தண்ணீருக்குள் போயிருந்தால் குளத்தை மறந்துவிட்டு உடனே இந்தப் பக்கம் வாருங்கள். தாம்போதியில், அதாவது வெள்ளம் மேலால் ஓடுகிற தாழ்ந்த றோட்டில், முழங்காலுக்கு மேல் தண்ணீர் இழுத்தால், உள்ளூர்க்காரன் மோட்டார் சைக்கிளோடு கடந்தாலும், நீங்கள் கடக்க வேண்டாம். அவனுக்குக் கல் எங்கே, குழி எங்கே என்று காலுக்குத் தெரியும்.

குளத்துக்கு வந்தபின் எங்கே நிற்பது? கட்டில். கட்டு மனிதர் கட்டியது, மனிதர் மிதித்தது. அலைகரைப் பக்கம், அதாவது கட்டுக்கு எதிர்ப்பக்கம் தண்ணீர் ஏறி இறங்கும் கரை, பச்சைப் புல் விரித்துக் கூப்பிடும். அது சுரி. மேலே புல், கீழே இடுப்புவரை களி. மாடு இறங்கினால் கயிறு போட்டு இழுக்க ஆறு பேர் வேண்டும். அங்கே உறைந்த ஏரியில் எப்படி? கண்ணாடி மாதிரித் தெளிந்த ஐஸ் பத்துச் சென்ரிமீற்றராவது இருந்தால்தான் ஆள் நடக்கலாம், ஆறு வந்து விழுகிற வாயிலும் வெளியேறுகிற வாயிலும் எவ்வளவு குளிரிலும் நம்பக்கூடாது, மேலே கிடக்கிற ஸ்னோ அடியில் உள்ளதை மறைத்துவிடும் என்று சொல்லித் தந்திருப்பார்களே. புல்லை ஸ்னோ என்று நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரும் வாயும் வான் பக்கமும் இங்கேயும் அதே மாதிரித்தான். முதலை இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கும். குளிக்க இறங்காவிட்டால் அதோடு உங்களுக்கு ஒரு வழக்கும் இல்லை.

குளிர். இதைச் சொன்னால் கனடாப் பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்கள் பனி மார்கழி விடியலில் புல்லில் நிற்கிற ஈரம்தானே, இருபது பாகைக்குக் கீழே போவதே அபூர்வம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்ற நாட்களில் இரவு முழுக்க மழையும் காற்றும். விடிந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடும் ஆடும் செத்துக் கிடந்தன. குளிரில். ஸ்னோ ஒரு துளி இல்லாத ஊரில். எங்கள் பட்டியில் ஒரு பசுவின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன், ஈரச் சாக்கு மாதிரி இருந்தது. தண்ணீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். நனைந்து, காற்றில் நின்று, அசையாமல் இருந்தால் மாட்டுக்கு நடந்தது ஆளுக்கும் நடக்கும். ஆகவே மலைக்குப் போகும்போது பருத்தி உடுக்கக்கூடாது என்று படித்ததை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். ஒருதரம் நனைந்தால் இரண்டு நாளைக்குக் காயாது, தொடை உரிந்துவிடும். விளையாட்டுக்காரர் போடும் மெல்லிய பொலியெஸ்டர் ரீசேட் போதும். பையில் பொலித்தீனில் சுற்றி இன்னொன்று, ஒரு சாரம். உங்கள் விலைகூடிய மழை அங்கிக்குள் பத்து நிமிடத்தில் வேர்வையால் நனைவீர்கள், அதை விட்டுவிட்டு வாருங்கள். குடை பிடித்து நடப்பவரைப் பார்த்து இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.

காலுக்கு என்ன? மலைச் சப்பாத்து சரிவராது. ஈரம் குடித்துக் கல்லாகும். ரப்பர் கம்பூட்ஸ் வயலுக்கு நல்லது, ஆனால் வாய்க்காலில் மேலால் தண்ணீர் ஏறினால் கால் ஒவ்வொன்றும் ஒரு வாளி. எங்கள் ஆட்கள் வெறுங்காலில் போவார்கள், உங்களுக்கு அது முடியாது, முயலவும் வேண்டாம். குதிக்கால் வார் உள்ள ரப்பர் செருப்பு, அதற்குள் தடித்த காலுறை, மேலே ஸ்னோவுக்கு நீங்கள் கெண்டைக்காலில் கட்டுகிற உறை, கெயிற்றர். இந்தக் கெயிற்றர்தான் நீங்கள் அங்கிருந்து கொண்டுவரக்கூடிய மிகப் பெறுமதியான சாமான். சூரை முள்ளைத் தடுக்கும், உண்ணியை ஓரளவு தடுக்கும். புடையன் பாம்பு கடித்தால் முழுவதும் தடுக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாம்புக்கடி அநேகமாகப் பாதத்திலும் கணுக்காலிலும்தான் என்பதால் இல்லாததைவிட எவ்வளவோ மேல். கடித்தால் வெட்டவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். காலை அசைக்காமல், யார் எந்த விஷத்துக்குப் பார்வை பார்க்கிறவரிடம் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொன்னாலும் கேட்காமல், நேரே பெரியாஸ்பத்திரி.

எலிக்காய்ச்சலையும் விட்டுவிடக்கூடாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் என்று கிடந்தவர்கள் சிலர் அடுத்தடுத்து இறந்தபோது அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. வெள்ளம், சேறு, காலில் ஒரு சின்னக் கீறல், இவ்வளவு போதும். வயலில் இறங்குகிறவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் டொக்சிசைக்ளின் என்ற தடுப்புக் குளிசை கொடுப்பார்கள். உங்களுக்குச் சரிவருமா என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போய்த் திரும்பிய பின் இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், அப்போது கல்கரிக்குப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள், அங்கே உள்ள டொக்டருக்கு வன்னிச் சேறு ஞாபகம் வராது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி ஆட்கள். அங்கே ஒருவன் தனியாகக் காட்டுக்குள் போனால் அது அவன் பாடு. இங்கே தெரியாத முகம் ஒன்று பையோடு காட்டுக்குள் இறங்கினால் பத்து நிமிடத்தில் ஊர் முழுக்கத் தெரியும், இருபதாவது நிமிடம் கேட்க வேண்டியவர்களுக்கும் தெரியும். புதையல் தோண்ட வந்தவனா, மரம் வெட்ட வந்தவனா, வேறு ஏதும் கிளற வந்தவனா என்று கதை வரும். காட்டில் பெரும்பகுதி வனவளத் திணைக்களத்தின் கையில். எல்லைக்கல் தாண்டி அனுமதியில்லாமல் நுழைந்தால் வழக்கு வரலாம், அதை அப்பப்பாவின் குளம் என்று சொல்லி வெல்ல முடியாது. முதல் நாளே கிராம அலுவலரைப் பாருங்கள். எந்தக் குளம், யாருடைய பேரன் என்று சொல்லுங்கள். எந்தத் துண்டு யாருடைய எல்லைக்குள் என்று அவருக்குத் தெரியும், யாரிடம் கேட்க வேண்டும் என்றும் சொல்லுவார். பாஸ்போட் பிரதி ஒன்று பையில் இருக்கட்டும். ட்ரோன் கொண்டுவர வேண்டாம்.

காட்டு வாசலில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகுமுன் ஒரு குழை முறித்து ஐயனாருக்கு என்று மரக்கிளையிலோ கல்லடியிலோ வைப்பது. நீங்கள் சாமி கும்பிடுகிறவரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, ஆனால் வையுங்கள். மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் பெயரும் நேரமும் எழுதிவிட்டுப் போகிற புத்தகம் அங்கே சில இடங்களில் இருக்கும், அந்த வேலையை இங்கே குழை செய்கிறது. வாடாத குழை கிடந்தால் இன்றைக்கு ஒருவர் உள்ளே நிற்கிறார் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியும். பின்னேரம் மாடு சாய்த்து வருகிற பட்டிக்காரர் அதைப் பார்ப்பார். நீங்கள் வெளியே வந்ததை அவர் காணவில்லை என்றால் கேட்பார். உங்களுக்கு இங்கே கிடைக்கக்கூடிய மீட்புப் படை அவர்தான். ஆகவே போகுமுன் அவரிடம் ஒரு வார்த்தை. "எங்க தம்பி போறியள், எப்ப திரும்புவியள்" என்று அவரே கேட்பார். "சும்மா" என்று பதில் சொல்லாமல் மணியைச் சொல்லுங்கள்.

நேரம் இப்படி வையுங்கள். விடியற்காலையில் கிளம்புவது மலைப் பழக்கம், இங்கே வேண்டாம். இரவு வயலில் நின்ற ஆனை காடு திரும்புகிற நேரம் அது. ஏழரை, எட்டு, மாடு வெளிக்கிட்ட பிறகு அதன் பின்னால் இறங்குங்கள். பதினொன்றரைக்கு எங்கே நின்றாலும் திரும்புவது. சூரியன் ஆறு மணிக்கு முன்பே விழுந்துவிடும், மழை மூட்டம் என்றால் காட்டுக்குள் நாலரைக்கே கண் தெரியாது. இரண்டு மணிக்கு வீதியில் நிற்க வேண்டும். தூரத்தைக் கனடாக் கணக்கில் போடாதீர்கள். ஸ்னோஷூவோடு ஏறும்போது மணிக்கு இரண்டு கிலோமீற்றர் போனால் பெரிய காரியம் அல்லவா, மாரிச் சேற்றிலும் அதே இரண்டுதான், ஏற்றம் இல்லாவிட்டாலும். வானிலை அறிவிப்பில் தாழமுக்கம் என்ற சொல் வந்தால் அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளைக்கும் போகாதீர்கள். வீட்டில் இருந்து கப்பல் வாழைப்பழம் சாப்பிடுங்கள்.

முதல் நடையில் குளத்தைக் காணாமல் திரும்ப வேண்டி வரலாம். அதனால்தான் இரண்டு கிழமையில் முதல் நாட்களை முத்தையன்கட்டுக் கட்டிலேயே நடந்து கழியுங்கள் என்கிறேன். பெரிய குளம், பேராறு கொண்டுவந்து நிரப்புவது. கட்டில் நின்றால் ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர், மறு பக்கம் வயல். சேறு உங்கள் காலுக்கு என்ன செய்கிறது, மழை எந்தப் பக்கம் கறுத்து வருகிறது என்பதெல்லாம் இரண்டு நாளில் பிடிபடும். பிறகு பட்டிக்காரரோடு ஒருநாள் உள்ளே போய் வாருங்கள். மூன்றாவது தரம் தனியாகப் போங்கள். அப்போது அந்தப் பாதையில் உங்களுடைய அடியே நேற்றைய அடியாக இருக்கும்.

அப்பப்பாவின் குளத்தை நான் பார்த்திருக்கிறேன், பெயரை இங்கே எழுதவில்லை. கட்டு ஒரு இடத்தில் உடைந்து கிடக்கிறது, ஆனாலும் மாரியில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கும். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசின் கல் இரண்டும் அப்படியே இருக்கின்றன. ஒன்றில் கத்தி தீட்டித் தீட்டி வழுவழுப்பான பள்ளம், உள்ளங்கை வைத்தால் பொருந்தும். பக்கத்தில் ஒரு மருது, இரண்டு பேர் கைகோத்தாலும் சுற்றிப் பிடிக்க முடியாது. கட்டின் நடுவில் பிள்ளையார் இருந்த மேடை. மேடைக்கு மேலே கூரை இல்லை, பிள்ளையாரும் இல்லை, இடப்பெயர்வில் யாரோ பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போனதாகச் சொல்கிறார்கள்.

சாமான் பட்டியல் கேட்டிருந்தீர்கள், ஸ்னோஷூவைத் தவிர மற்றதெல்லாம் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். நடைக்கோல் இரண்டையும் கட்டாயம் கொண்டுவாருங்கள், நுனியில் உள்ள ஸ்னோ வட்டைக் கழற்ற வேண்டாம், சுரியில் அதுதான் பிடிக்கும். ஒன்றைத் திரும்பிப் போகும்போது எனக்கு விட்டுவிட்டுப் போனாலும் சரி. என்னுடையது 2018 வெள்ளத்தில் போய்விட்டது.